கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கிட்டிருக்கேன், பழைய 6 அடி சர்ஃப்போர்டு ஒண்ணு கிடைக்குது, வாங்கலாமா?

மடிப்பாக்கம்_அலை:

வணக்கம் நண்பர்களே. ஐடி வேலை, 74 கிலோ, நீச்சல் ஓரளவு வரும். கோடை லீவ்ல சும்மா ட்ரை பண்ணலாம்னு கோவளம் போனவன், இப்ப சனி ஞாயிறு விடியறதுக்கு முன்னாடியே ஈசிஆர்ல இருக்கேன். நுரைல எழுந்து நின்னு கரை வரைக்கும் வந்துடுறேன். உள்ள போய் உடையாத அலைய நானே புடிக்கறது எப்பவாவது தான் அமையுது, ஆனா அமையறப்ப போர்ட பின்னாடிலேருந்து யாரோ தூக்கி தள்ற மாதிரி ஒரு வேகம் வரும் பாருங்க, அந்த வாரம் முழுக்க ஆபீஸ்ல உக்காந்திருந்தாலும் காலுக்கு கீழ அது ஓடிட்டே இருக்கு.

இப்ப ஒருத்தர் 6 அடி ஷார்ட்போர்டு விக்கறார். 29 லிட்டர்னு எழுதியிருக்கு, அடியில மாட்டற மூணு ஃபின்னும் (துடுப்பு) சேத்து தரேங்கறார், காலையும் போர்டையும் இணைக்கற கயிறு, அதாவது லீஷ், இல்ல. கொஞ்சம் மஞ்சளடிச்சிருக்கு, வால் பக்கம் ஒரு இடத்துல ஒட்டு போட்டிருக்கு. 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தப்ப நேர்ல போய் பாத்தேன், நம்ம இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினப்ப கரைல நின்னு கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். அவங்க எல்லாம் ஓட்டினது இந்த சைஸ் போர்டு தான், அதான் ஆசையா இருக்கு.

வாங்கலாமா? பழைய போர்டுல என்ன பாக்கணும்? சொந்த போர்டு வந்துட்டா வார நாள்ல காலைல கிட்ட இருக்கற திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் தனியா இறங்கலாமா?

ரெசின்_கை (மாமல்லபுரம்):

ப்ரோ, அந்த போர்டு உங்களுக்கு இப்ப வேண்டாம், விலை எவ்ளோ குறைச்சு குடுத்தாலும் வேண்டாம். நான் இங்க போர்டு ரிப்பேர் பண்றவன், இந்த மாதிரி ஆசையா வாங்கி ஒரே மாசத்துல செவுத்துல சாத்தி வச்ச போர்டுங்க நிறைய என் கைக்கு வருது.

29 லிட்டர்ங்கறது போர்டோட கொள்ளளவு, எவ்ளோ மிதக்கும்ங்கற கணக்கு. 74 கிலோ ஆளு அதுல படுத்தா போர்டே தண்ணிக்குள்ள அமுங்கிடும், நீங்க பேடில் பண்ணி, அதாவது படுத்துக்கிட்டு கையால துழாவி, வேகம் எடுக்கறதுக்குள்ள அலை உங்களுக்கு அடியில கடந்து போயிடும். போட்டில பாத்தீங்களே, அவங்க அலை செங்குத்தா நிக்கற இடத்துக்கே போய் உக்காந்துக்கிட்டு ரெண்டு மூணு கை போட்டு எழுந்துடுவாங்க, அந்த கால நேரம் பல வருஷம் தண்ணில கிடந்தா தான் வரும். கோவளத்துல புதுசா கத்துக்கறவங்களுக்கு கிடைக்கறது பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்கு சரிவா மெதுவா வர்ற அலை. அதுக்கு 8 அடி சாஃப்ட்டாப் (மேல மெத்துனு இருக்கற போர்டு), 80 லிட்டர் பக்கம் இருக்கறத வாங்குங்க. காலைல ரெண்டு மணி நேரத்துல எத்தனை தடவை எழுந்து நிக்கறீங்கங்கறது தான் உங்கள மேல கொண்டு போகும், சின்ன போர்டுல அந்த எண்ணிக்கையே விழாது. ஒரு சீசன் ஓட்டிட்டு அத வித்துட்டு 7 அடிக்கு இறங்கிக்கலாம்.

ஆனாலும் பழைய போர்டு எப்படி பாக்கறதுனு கேட்டீங்க, அத சொல்லிடறேன், எந்த போர்டுக்கும் உதவும். மஞ்சளாறது பியூ (பாலியூரித்தேன்) ஃபோம்ல சகஜம், வெயில்ல ஆறது, அத பாத்து பயப்பட வேண்டாம். போர்ட மடில போட்டுக்கோங்க. நடுவுல நீளமா ஒரு மரக்கோடு ஓடும், ஸ்ட்ரிங்கர், அதுக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரலால அமுத்திட்டே வாங்க, முக்கியமா நெஞ்சு படற இடத்துலயும் பின்னங்கால் வைக்கற இடத்துலயும். அமுங்கி திரும்ப எழும்பிச்சுனா மேல இருக்கற ஃபைபர் க்ளாஸ் ஃபோம விட்டு பிரிஞ்சிடுச்சுனு அர்த்தம். விரல் கணுவால தட்டினா நல்ல இடம் கெட்டியா கேக்கும், பிரிஞ்ச இடம் பொக்குனு கேக்கும். அப்புறம் ஃபின்ன மாட்டி லேசா ரெண்டு பக்கமும் அசைங்க, ஃபின் பாக்ஸ சுத்தி இருக்கற மெல்லிசான கீறல் வாய் திறந்தா அந்த போர்ட கீழ வச்சிட்டு வந்துடுங்க. ஒட்டு போட்ட இடத்த சுத்தி பழுப்பு கறை இருந்தா உள்ள தண்ணி இறங்கியிருக்கு.

உள்ள என்ன ஃபோம்னு கண்டிப்பா கேளுங்க. ஈபிஎஸ்னா நம்ம தெர்மகோல் தான், மேல எபாக்ஸி ரெசின், காஞ்சா இறுகிப்போற பசை. அத மீன்பிடி ஃபைபர் படகு ஒட்டறவங்ககிட்ட குடுத்துடாதீங்க, அவங்க வச்சிருக்கறது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின், அது பட்டா ஈபிஎஸ் கரைஞ்சு குழியாயிடும். எபாக்ஸி ரெசின் ரெண்டு ஃபோமுக்கும் ஆகும். சின்னதா அடிபட்டாலும் உடனே தண்ணிய விட்டு எடுத்துடுங்க, நல்ல தண்ணில கழுவி, நிழல்ல நல்லா காயவிட்டு அப்புறம் ஒட்டுங்க. ஈரத்தோட மூடினா உள்ளயே ஊறும்.

கச்சான்_காத்து:

தம்பி, போர்டு பத்தி மேல சொன்னவர் சரியா சொல்லிட்டார். நான் கடல் பத்தி பேசறேன், எங்க குடும்பம் தலைமுறையா இந்த கரைல தொழில் பண்றவங்க.

தனியா இறங்காதீங்க. பெசன்ட் நகர்ல நிக்கற ஷ்மிட் நினைவு மண்டபத்த எல்லாரும் பாத்திருப்பீங்க, 1930-ல மத்தவங்கள காப்பாத்தப் போய் மூழ்கின டென்மார்க்காரர் ஷ்மிட்டுக்காக கட்டினது அது. அந்த கரை அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். சென்னை கரைல நிறைய இடத்துல அலை கரைகிட்ட வந்து மொத்தமா கவுந்து விழும், உங்களுக்கு நிக்க நேரமே குடுக்காது, மணல்ல தலைகுப்புற அடிக்கும். கோவளம் மாதிரி, மாமல்லபுரம் கோயில் முனை மாதிரி இடங்கள்ல தெற்கு அலை முனைய சுத்திக்கிட்டு வடக்கு பாத்து வரிசையா உடைஞ்சிட்டே வரும், அதான் அங்க நீளமா ஓட்ட முடியுது.

கடலரிப்ப தடுக்க கடலுக்குள்ள கல்லு கொட்டின தூண்டில் வளைவு எங்க இருந்தாலும் அது ஓரமா இறங்கவே வேண்டாம். அந்த கல்லு ஓரமா தண்ணி கடலுக்குள்ள இழுத்துட்டு போகும். பாக்கறதுக்கு அலை உடையாம அமைதியா இருக்கும், புதுசா வர்றவங்க அத பாத்து ஈசியான இடம்னு நினைச்சு இறங்கறாங்க, எனக்கு அத பாத்தாலே பதறும். இழுத்துட்டா எதிர்த்து நீந்தாதீங்க, போர்ட விடாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போங்க, அலை உடையற இடம் வந்ததும் நுரையோட கரைக்கு வந்துடலாம்.

ஆனி ஆடி ஆவணில காலைல மேல்காத்து கரைலேருந்து கடல பாத்து அடிக்கும், அப்ப அலை முகம் வழவழனு நிக்கும், அதான் எல்லாரும் விடியக்காலைல ஓடறாங்க. கடல்காத்து ஏறிட்டா எல்லாம் கலைஞ்சிடும். நல்ல அலை இங்க உருவாகறதில்ல, தெற்க இந்தியப் பெருங்கடல்ல அடிக்கற புயல்காத்துலேருந்து பல நாள் ஓடி வருது. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் மையம் அலை கணிப்பு போடறாங்க, உயரத்த மட்டும் பாக்காதீங்க, ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் எத்தனை செகண்டுனு பாருங்க. ஒரு மீட்டர் அலை 6 செகண்ட்ல வந்தா கலங்கல், அதே ஒரு மீட்டர் 12 செகண்ட்ல வந்தா அதுல பலம் இருக்கு. ஐப்பசி பொறந்து வாடை திரும்பினா கரையோர நீரோட்டமும் தெற்க பாத்து மாறிடும், புயல் காலம். நாங்களே கடலுக்கு போகாத நாள்ல நீங்க இறங்கக்கூடாது.

உப்புக்காத்து (திருவான்மியூர்):

ரெண்டு பேர் சொன்னதோட நான் சேக்க வேண்டியது, போர்ட எங்க வைக்கறது எப்படி எடுத்துட்டு போறதுங்கறது. நாப்பது வயசுக்கு மேல தண்ணில இறங்கின பொண்ணு நான், இப்ப அது இல்லாம வாரம் ஓடாது எனக்கு.

8 அடி போர்டு அபார்ட்மென்ட் லிஃப்ட்ல பெரும்பாலும் போகாது, வாங்கறதுக்கு முன்னாடி படிக்கட்டு திருப்பத்துல டேப் வச்சு அளந்துடுங்க. மொட்டை மாடில வைக்காதீங்க, மதியம் வெயில்ல நிறுத்தின காருக்குள்ளயும் விடாதீங்க, நம்ம ஊர் சூட்டுல உள்ள காத்து விரிஞ்சு மேல் தோல் கொப்புளம் மாதிரி எழும்பிடும், கால் வழுக்காம இருக்க மேல தேய்ச்ச வாக்ஸ் உருகி சீட்ல வழியும். கார் மேல கட்டும்போது அடிப்பக்கம் மேலயும் ஃபின் முன்னாடியும் இருக்கணும், ஸ்ட்ராப்ப ஒரு முறுக்கு முறுக்கி கட்டுங்க, இல்லனா மாமல்லபுரம் வரைக்கும் காத்துல உய்ங்னு கத்திட்டே வரும்.

லீஷ் புதுசு தான், பழசு வேண்டவே வேண்டாம். 8 அடி போர்டுக்கு 8 அடி லீஷ். ஒவ்வொரு தடவையும் வெல்க்ரோல இருக்கற மணல தட்டிட்டு, கயித்த கைல ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டற மாதிரி வெட்டு இருந்தா தூக்கி போட்டுடுங்க. லீஷ் அறுந்தா போர்டு கரைக்கு போயிடும், நீங்க நடுவுல இருப்பீங்க. அதோட அந்த போர்டு கரைல விளையாடற குழந்தை மேல போய் அடிக்கும். வெட்சூட் எல்லாம் இங்க தேவையில்ல, தண்ணி வெதுவெதுப்பா தான் இருக்கும், முழுக்கை ராஷ்கார்டு (உடம்போட ஒட்டற நீச்சல் பனியன்) போதும், வயிறு தேயாது, சொறி (ஜெல்லி மீன்) பட்டாலும் கொஞ்சம் காப்பாத்தும்.

மாமல்லபுரம் அண்ணா சொன்னதுல ஒண்ண மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு சீசன்ல 8 அடிய விக்காதீங்க. ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் அலை முழங்கால் உயரத்துக்கு தான் இருக்கும் நிறைய நாள், அப்ப பெரிய போர்டு வச்சிருக்கறவங்க மட்டும் தான் ஓட்டிட்டு இருப்பாங்க. நீளமான போர்டுல மெதுவா முன்னாடி நடந்து போய் நிக்கறதுல இருக்கற சந்தோஷம் தனி.

ரெசின்_கை (மாமல்லபுரம்):

அக்கா சொல்றது நியாயம், இடம் இருந்தா ரெண்டும் வச்சுக்கலாம். இடமில்லாதவங்களுக்கு தான் நான் விக்க சொன்னது.

மடிப்பாக்கம்_அலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து போய் பாத்தேன், பின்னங்கால் இடத்துல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அமுங்குது, தட்டினா பொக்குனு கேக்குது, ஒட்ட சுத்தி பழுப்பு. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். 8 அடி சாஃப்ட்டாப் தேடறேன். ஒரே ஒரு கேள்வி, வாடை காலத்துல கடல்ல இறங்க முடியாதுனா, பம்ப்ல காத்தடிக்கற எஸ்யூபி போர்டு (நின்னுக்கிட்டே துடுப்பு போடறது) ஒண்ணு வாங்கி பேடில் பழகினா கை தோள் எல்லாம் கெட்டுப்போகாம இருக்குமா?

கச்சான்_காத்து:

இருக்கும் தம்பி. ஆனா முட்டுக்காடு பேக்வாட்டர்ல பழகுங்க, பலத்த மழை விட்டு முகத்துவாரத்துல தண்ணி பாய்ஞ்சிட்டு இருக்கற நாள்ல அங்கயும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கோங்க. காத்தடிச்ச போர்டு எடையே இல்லாம தண்ணிக்கு மேல நிக்கும், அதனால மேல்காத்து அடிக்கற நாள்ல கடல்ல எடுத்துட்டு போனா, நீங்க திரும்பிப் பாக்கறதுக்குள்ள கரை தூரமா போயிடும். சர்ஃபுக்கு நல்ல காத்து அது, எஸ்யூபிக்கு ஆபத்தான காத்து. துடுப்பு தொலைஞ்சா நின்னுட்டு இருக்காதீங்க, போர்டு மேல படுத்து கையால பேடில் பண்ணுங்க, காத்து உங்கள புடிக்கறது குறையும்.

உப்புக்காத்து (திருவான்மியூர்):

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க நாலஞ்சு பேர் கோவளம் போறோம், கார் மேல ஒரு போர்டுக்கு இடம் இருக்கு. உள்பெட்டில மெசேஜ் போடுங்க, திருவான்மியூர்லேருந்து அஞ்சு மணிக்கு கிளம்புவோம்.