ஒரே நாளில் 62 உறுப்பினர் படிவம்: எங்கள் படிப்பகம் கைமாறியது சரியா?

செல்லூர் தறிவீட்டுப் பிள்ளை:
செல்லூரில் எங்கள் தெருப் படிப்பகம் அப்பா காலத்தில் தறிக்காரர்கள் கூலியில் கொஞ்சம் ஒதுக்கி ஆரம்பித்தது. போன வருஷம் ஒரே நாளில் 62 பேர் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். இளைஞர்கள் வருகிறார்களே என்று நானே வடை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த பொதுக்குழுவில் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பதவியும் ஒரே கட்சிக்குப் போனது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த மாலை டியூஷன் நின்றுவிட்டது. அந்த அறையில் இப்போது வட்டக் கூட்டம் நடக்கிறது. கேட்டால், "ஓட்டு வாங்கித்தானே வந்தோம்" என்கிறார்கள். எனக்கு இது திருட்டாகத்தான் படுகிறது.

ஆரப்பாளையம் மில் தொழிலாளி:
தம்பி, வயித்தெரிச்சல் புரியுது. அந்தக் கூட்டத்துக்குப் பழைய ஆளுங்க எத்தனை பேர் வந்தாய்ங்க?

செல்லூர் தறிவீட்டுப் பிள்ளை:
11 பேர், அண்ணே. பதிவேட்டில் 140.

ஆரப்பாளையம் மில் தொழிலாளி:
அப்ப வீட்டைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போனது யாரு? ஒரு அமைப்புக்குள்ள போய் வேலை செஞ்சு பொறுப்புக்கு வர்றது புதுசு இல்ல. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 1934-ல் தடை. அதே வருஷம் காங்கிரசுக்குள்ளேயே காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சின்னு ஒரு பிரிவு பிறந்தது. 1936-ல் அதோட தலைவர்கள்ல ஒருத்தரான ஜெயப்பிரகாஷ் நாராயணே கம்யூனிஸ்டுகளை உள்ளே சேர்த்துக்கிட்டார். தமிழ்நாட்டுல அந்த சோசலிஸ்ட் கட்சியைத் தூக்கி நிறுத்தினவங்கள்ல கம்யூனிஸ்டுகளான ஜீவாவும் பி. ராமமூர்த்தியும் உண்டு. ஆலை வாசல்ல நின்னாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. 1952 தேர்தல்ல ராமமூர்த்தி சிறையில இருந்துக்கிட்டே மதுரை வடக்குல ஜெயிச்சார். மக்கள் ஏமாந்தா போட்டாங்க? உழைக்கிறவன் கைக்குத்தான் சங்கம் போகும்.

வைகைக் கரையன்:
உழைத்தார்கள் என்பதில் எனக்கும் மறுப்பில்லை ஐயா. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1940-ல் கம்யூனிஸ்டுகளை அந்தக் கட்சி வெளியேற்றியபோது தெற்கே கிளைகள் மொத்தமாக அவர்களோடு போய்விட்டன. கதவைத் திறந்த ஜெயப்பிரகாஷுக்கு இங்கே மிஞ்சியது பெயர்ப்பலகைதான். உள்ளே இருந்த காலமெல்லாம் அவர்கள் யார் முடிவுக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் தொழிற்கட்சிக்குள் 'மிலிடன்ட்' என்ற தீவிர இடதுசாரிக் குழு செய்ததும் இதுதான். கேட்டால், "நாங்கள் தனி அமைப்பே இல்லை, ஒரு பத்திரிகையும் அதன் வாசகர்களும்" என்பார்கள். 1983-ல் அதன் ஆசிரியர் குழுவில் 5 பேரைக் கட்சி நீக்கியது. லிவர்பூல் மாநகராட்சி அவர்கள் செல்வாக்கில் இருந்தது. 1985-ல் பணம் தீர்ந்து, சொந்த ஊழியர்களுக்கே டாக்சியில் வேலைநீக்க நோட்டீஸ் அனுப்பினார்கள். எந்த ஊழியருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ, அவர்கள் வீட்டு வாசலுக்கே! கட்சித் தலைவர் நீல் கின்னக் மாநாட்டு மேடையில் கொதித்துப் பேசியது அதனால்தான்.

ஆரப்பாளையம் மில் தொழிலாளி:
அவங்க ஒளிச்சாங்க, தப்பு. ஜனசங்கத்துக்காரங்க 1977-ல் எல்லாருக்கும் தெரியத்தானே ஜனதாவுல கலந்தாங்க? அப்படியும் ஜனதாவுலயும் ஆர்.எஸ்.எஸ்.லயும் ஒரே நேரத்துல இருக்கலாமாங்கிற இரட்டை உறுப்பினர் தகராறு முத்தி 1979-ல் ஆட்சி போச்சு. ஒளிவு மறைவு இல்லைன்னா எல்லாம் சரியாயிடுமா? படிப்பக விஷயத்துல சட்டப்படி தப்பு எங்கன்னு சொல்லுங்க.

புதூர் டீச்சர்:
சட்டப்படி என்று சொல்லாதீர்கள் அண்ணா. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஞாபகம் இருக்கிறதா? 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை பத்து வருஷம் அந்த நாற்காலியில் ஒருவரும் நிலைத்து உட்கார முடியவில்லை. வேட்புமனு வராது. வந்தால் ஆதிக்கச் சாதியார் நிறுத்திய ஆளாக இருக்கும். ஜெயித்த கையோடு ராஜினாமா. ஓட்டுச்சீட்டு, பதவிப்பிரமாணம் எதிலும் குறையில்லை. முடிவு மட்டும் வேறு திண்ணையில் எடுக்கப்பட்டது. படிப்பகத்திலும் அதைத்தான் பார்க்க வேண்டும். டியூஷனை நிறுத்தும் முடிவு எந்தக் கூட்டத்தில் வந்தது? தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறதா?

செல்லூர் தறிவீட்டுப் பிள்ளை:
இல்லை டீச்சர். போய்ப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

வைகைக் கரையன்:
அப்படியானால் சிறப்புப் பொதுக்குழு கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்று துணைவிதியைத் திருத்துங்கள்.

ஆரப்பாளையம் மில் தொழிலாளி:
அந்தத் திருத்தத்தைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். எங்க மில் சங்கத்துல இதே விதியை வச்சுத்தான் கான்ட்ராக்ட் பசங்களைப் பல வருஷம் வாசல்லயே நிறுத்தி வச்சாய்ங்க. வருஷம் முடியறதுக்குள்ள வேலையை விட்டுத் தூக்கிடுவான், மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். பெருசுங்க கையில பூட்டைக் கொடுத்தா புதுசா வர்ற பொம்பளப் புள்ளைக்கும் கதவு திறக்காது. ஆனா டீச்சர் கேட்டது நியாயம். தீர்மானம் இல்லாம டியூஷனை நிறுத்தினது அராஜகம்.

செல்லூர் தறிவீட்டுப் பிள்ளை:
நேற்று ராத்திரியிலிருந்து பழைய உறுப்பினர்களுக்குப் போன் போடுகிறேன். 38 பேர் கையெழுத்துப் போடச் சம்மதித்தார்கள். ஓட்டு விதியைத் தொடவில்லை. டியூஷன் அறையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரே தீர்மானம். அண்ணே, நீங்களும் பழைய உறுப்பினர்தானே?

ஆரப்பாளையம் மில் தொழிலாளி:
ஆமா, என் பேரும் அந்த நோட்டுல இருக்கு. அன்னைக்கு வராத 129 பேர்ல நானும் ஒருத்தன். ஷிப்ட் மாத்திக்கிட்டு வர்றேன், கையும் தூக்குறேன். ஆனா அந்த 62 பேரை வெளியேத்தணும்னு எவனாவது எழுந்தா, அவனை எதிர்த்தும் பேசுவேன்.