‘டிவா’வைத் தூக்கி நிறுத்தியது யார்?

வெண்திரை: பிரெஞ்சு இயக்குநர் ழான்-ழாக் பெனெக்ஸின் ‘டிவா’ படத்தைப் பிரான்ஸ் கைகழுவியது, அமெரிக்காதான் வாழ வைத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1981 மார்ச்சில் வெளியானபோது பாரிஸ் விமர்சகர்கள் பலர் அதை விளம்பரப் பளபளப்பு என்று ஒதுக்கியது உண்மைதான். ஆனால், சிறந்த முதல் படம், ஒளிப்பதிவு, இசை, ஒலி ஆகியவற்றுக்காக, பிரான்சின் தேசியத் திரைப்பட விருதுகளான செசார் விருதுகள் நான்கை அது 1982 பிப்ரவரியில் வாங்கிவிட்டது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது வந்ததோ ஏப்ரலில்!

ராப்பறவை: அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். 1981 செப்டம்பரிலேயே கனடாவின் டொராண்டோ திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டதே, அந்தப் பேச்சு பாரிஸின் காதில் விழாமலா இருந்திருக்கும்?

வெண்திரை: டொராண்டோ எப்போது அமெரிக்காவில் சேர்ந்தது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். பிப்ரவரிக்குப் பிறகுதான் ஏப்ரல் வரும்.

மணிமொழி: இருவரும் நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறீர்கள். தன் குரலைப் பதிவு செய்ய ஒருபோதும் இசையாத பாடகி ‘லா வாலி’ என்ற ஓபராவின் பாடலைப் பாட, தபால்காரன் ஜூல் மறைத்துவைத்த நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி ஓட, அவன் கன்னத்தில் கண்ணீர் வழிகிறதே, அந்தக் காட்சிக்கு எந்த நாட்டின் சான்றிதழும் வேண்டியதில்லை.

ராப்பறவை: திருட்டுப் பதிவு செய்து, அவளுடைய உடையையும் திருடிக்கொண்டு போகிறவனுக்காக உருகுகிறீர்கள்! மொபெட்டோடு மெட்ரோவுக்குள் இறங்கி ஓடும் துரத்தல்தான் படத்தின் உயிர். அமெரிக்க விமர்சகர்கள் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்ததும் பாலின் கேல் கொண்டாடியதும் உலகறிந்தவை.

மணிமொழி: அவன் அந்தப் பதிவை விற்கவில்லை. படத்தைக் கடைசிவரை பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

வெண்திரை: கேலும் ஈபர்ட்டும் எழுதியது செசாருக்குப் பிறகு, ஏப்ரலில் படம் அங்கே வெளியானதையொட்டி என்பதை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். ‘நிகிதா’ பட விவாதத்திலும் ஹாலிவுட் 1993இல் மறுஆக்கம் செய்ததால்தான் அதன் பிரெஞ்சு இயக்குநர் பெஸ்ஸோனுக்கு மதிப்பு வந்தது என்று வாதாடியவர் இவரே. 1990இலேயே பிரான்சில் அரங்குகளை நிறைத்த படம் அது.

ராப்பறவை: பழைய கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம். பிரெஞ்சு விமர்சகர்கள் அன்று ஏளனம் செய்தார்களா, இல்லையா?

வெண்திரை: செய்தார்கள். விமர்சகர்கள்தாம் பிரான்ஸ் என்று யார் சொன்னது? பிப்ரவரியா ஏப்ரலா என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள்.

ராப்பறவை: டொராண்டோ, செப்டம்பர். எழுதிவிட்டேன்.