பெல்டன் சக்கரத்தை மணல் தின்ற கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மஸ்கெலியா மெக்கானிக்

வணக்கம் உறவுகளே. மஸ்கெலியாப் பக்கம் ஒரு சின்ன நீர்மின் நிலையத்தில் பதினொரு வருடமாக மெயின்டனன்ஸ் வேலை செய்கிறேன். தண்ணீர் 90 மீற்றர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கி, சுற்றிவர பக்கெட்டுகள் உள்ள பெல்டன் சக்கரத்தை அடிக்கும். குழாய் நுனியில் உள்ள குறுகலான நொசிலை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் செக்கனுக்கு 42 மீற்றர், அதாவது மணிக்கு 150 கிலோமீற்றர். அந்த வேகத்தில் மணலும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு மே மாத மழை பிடித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது, ஆனால் மெசின் முழு லோட் ஏறவில்லை. நொசிலை முழுக்க மூடினாலும் சக்கரம் நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பக்கெட்டின் நடுவில் தண்ணீரை இரண்டாகப் பிளக்கும் விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். விரலை வைத்துத் தடவினால், பழைய அகப்பையின் ஓரம் மாதிரி மழுங்கியிருந்தது. உள்பக்கம் முழுக்க மீன் செதில் போல அலை அலையாகத் தடம். நொசிலைத் திறந்து மூடும் ஊசியின் முனையில் நீளவாக்கில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள்.

துரு என்றுதான் சிலர் சொன்னார்கள். துருவென்றால் பழுப்புப் படியும். இது பாலிஷ் போட்ட மாதிரி பளபளத்தது. தண்ணீரில் குமிழி வெடித்து அரித்தால், தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலாகச் சொரசொரக்கும். பளபளத்தால் மணல், பொத்தலானால் குமிழி. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தண்ணீர் குழாய்க்குள் போகுமுன் மணல் படிவதற்காக மேலே கட்டிய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து கண்ணாடித் துண்டில் வைத்துத் தேய்த்தேன். கீறல் விழுந்தது. நம்ம மலைப் பாறை கரைந்து வரும் மணலில் குவார்ட்ஸ் நிறைய இருக்கிறது. மோஸ் அளவில் அதன் கடினம் 7, சாதாரண இரும்பு அதற்குக் கிட்டவே வராது. வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதே மணல்தான் குழாய் வழியாகவும் வந்தது, ஆனால் அங்கே வேகம் குறைவு என்பதால் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியைத் தின்றுவிட்டது.

அடுத்து நாங்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில், எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி, பிளக்கும் விளிம்பில் ஹார்ட்பேசிங் (மேற்பரப்பைக் கடினமாக்கும்) கம்பியால் வெல்டிங் போட்டுத் தந்தார்கள். நாலு மாதத்தில் விளிம்பு துண்டு துண்டாக உதிர்ந்தது. மணல் உரசிக்கொண்டு போகும் இடத்தில் கடினமான உலோகம் நன்றாகத் தாங்கும். மணல் நேருக்கு நேர் மோதும் இடத்தில் அதுவே நொறுங்கும், அங்கே நொறுங்காமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் உலோகம்தான் வேண்டும். இப்போது 13 சதவீதக் குரோமியமும் 4 சதவீத நிக்கலும் உள்ள ஸ்டெயின்லஸ் சக்கரம் போட்டிருக்கிறோம். தேய்ந்த விளிம்பை அதே ரக வெல்டிங் கம்பியை உருக்கி நிரப்பிக் கட்டுகிறோம். கட்டுவதற்கு முன் சூடாக்க வேண்டும், கட்டிய பிறகும் சூடு கொடுத்து ஆற விட வேண்டும், பிறகு அச்சு வைத்துத் தேய்க்க வேண்டும். பக்கெட்டின் அடியில், சக்கரத்தோடு சேரும் இடத்தில் மட்டும் தயவுசெய்து வெல்டிங் வைக்காதீர்கள். அங்கே வெடிப்பு விட்டால் பக்கெட்டே பிய்ந்து பறக்கும்.

ஊசிக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் டங்ஸ்டன் கார்பைட் பூச்சு அடித்தோம். முன்பு ஒரே மழைக்காலத்தில் போன ஊசி, இப்போது மூன்றாவது மழைக்காலத்திலும் ஓடுகிறது. சின்னப் பக்கெட்டின் உள்ளே பூச்சு அடிக்கும் துப்பாக்கி சரியாக நுழையாது, அதனால் அங்கே அடிக்கவில்லை.

ஆனால் உண்மையான காரணம் மேலே இருந்தது. மணல் தொட்டியின் கழுவும் கதவு துருப்பிடித்து இறுகி, தொட்டி முக்கால்வாசி மணலால் நிரம்பிக் கிடந்தது. ஆழம் இல்லாததால் தண்ணீர் வேகமாக ஓடி, மணல் படிய நேரமே கிடைக்கவில்லை. கதவை மாற்றி, மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவுகிறோம். ஆறு செம்மண் நிறத்தில் பெருகி வந்தால் மெசினை நிறுத்திவிடுவோம். மின்சார யூனிட் வீணாகப் போகிறது என்று மேலிடத்தில் சத்தம் போட்டார்கள். பழைய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஆபீஸ் மேசையில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

பொகவந்தலாவ பிட்டர்

அண்ணன் சொன்னது அப்படியே எங்கள் தேயிலை ஸ்டோருக்கும் பொருந்தும். கொழுந்தை வெட்டிச் சுருட்டும் சிடிசி ரோலரின் பல் மழுங்குவதற்குக் கொழுந்தோடு வரும் மணலும் ஒரு காரணம். ரோட்டோரம் கொட்டி வைத்த கொழுந்து வந்தால் தெரிந்துவிடும். காந்தம் ஆணியைப் பிடிக்கும், மணலைப் பிடிக்காது. பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கி, சூடேறி, தேயிலையின் நிறமே கெட்டுப்போகும். செலவைப் பார்த்து சாதா இரும்பு போட்டுவிடாதீர்கள். கொழுந்துச் சாறு பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும்.

நோர்ட்டன்

அண்ணே, எங்களிடமும் ஊசி தேய்ந்துவிட்டது. வளையம் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஊசியை மட்டும் மாற்றினால் போதுமா?

மஸ்கெலியா மெக்கானிக்

போதாது தம்பி. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருந்தாலும், மூடியிருக்கும்போது அந்தச் சின்ன இடைவெளியால் தண்ணீர் பீறிட்டு, புது ஊசியிலும் அதே இடத்தில் கோடு போடும். வளையத்தின் உள்விளிம்பில் நீல மை தடவி ஊசியை வைத்து அமுக்கிப் பாருங்கள். மை சுற்றிவரத் தொடர்ச்சியாக ஒட்ட வேண்டும். எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.