சீசன் முடிந்த பிறகும் அடுப்பு எரிய வேண்டும்: மலையில் கைவினையை நம்பி வாழ்பவர்கள் பகிர்ந்தவை

குன்னூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து வெள்ளி நகை செய்யலாம் என்று இருக்கிறேன். மலையில் இருந்துகொண்டு அதை வைத்துப் பிழைக்க முடியுமா?" பலரும் முடியும், முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வாழ்க்கையை மாற்றப்போகிற கேள்விக்கு அது போதாது. கோத்தகிரியில் பட்டறை வைத்திருப்பவள் என்கிற முறையில் நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் ஊர்க் கதையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடியும் தங்கச்சி. ஆனால் வண்டியில் வந்து இறங்குகிறவர்களை மட்டும் நம்பினால் முடியாது. என் பட்டறையை இத்தனை காலம் நிறுத்தி வைத்திருப்பது பழுது வேலைதான். அறுந்த கொலுசு, ஆடுகிற கல், திருகு தொலைந்த தோடு. நான் வடிவமைத்த நகைகள் எனக்குப் பேர் வாங்கித் தந்தன. வாடகை கொடுத்தது பழுது பார்த்த நகைகள்.

சீசன் கணக்கு உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே, மலர்க் கண்காட்சி, பிறகு செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. மலைக்கு அது வேண்டியதுதான் என்பது என் கட்சி. ஆனால் உங்கள் வீட்டு அரிசி அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனமாக விழும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் சாய்ந்தால் அன்றைக்கு யாரும் மேலே வர மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அப்போதும் வருவார்கள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் அந்தப் பாட்டி வந்தார். பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்த பாட்டி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு வெள்ளி வளையலை எடுத்து மேஜையில் வைத்தார். விரல் பருமன், வாய் திறந்த வளையல். திறந்து திறந்து மாட்டியதில் நடு முதுகில் விரிசல் விட்டிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அந்த விரிசலில் ஈயத்தை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு புடைப்பு, நகத்தால் கீறினால் கோடு விழுகிற மாதிரி மெத்தென்று இருந்தது.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஈயம் இருக்கிற வெள்ளியில் அப்படியே நெருப்பைக் காட்டினால் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அரித்துக் குழி குழியாக்கிவிடும். நகை போனது போனதுதான். அதனால் முதலில் சுரண்டியால் சுரண்டி, அரத்தால் ராவி, ஒரு பொட்டு ஈயம் இல்லாமல் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கே மத்தியானம் ஆகிவிட்டது. பாட்டி நகரவே இல்லை. எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வளையல் வெடித்ததற்குக் காரணம் சாதாரணமானது. தட்டத் தட்ட, வளைக்க வளைக்க வெள்ளி இறுகும். இறுகியதை இளக்க மங்கிய சிவப்பு வரும்வரை சுட வேண்டும். அந்தச் சிவப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. ஜன்னலைச் சாத்தினால் தெரியும். இன்னும் கொஞ்சம் விட்டால் உருகிவிடும் (சுத்த வெள்ளி உருகுவது 961 டிகிரியில், செம்பு கலந்த 92.5 வெள்ளி அதற்கும் கீழே). இளக்கி, விரிசலில் வெங்காரம் (போராக்ஸ்) தடவி, வெள்ளிப் பற்றுப்பொடி (வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகி ஒட்டவைக்கும் கலவை) வைத்து ஊதினேன். பற்று ஒரு கோடாக ஓடி விரிசலுக்குள் இறங்கியது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, மேலே அடிபட்டு விழுந்திருந்த குழிகளையும் சமன் செய்து பளபளவென்று கொடுக்கலாம் என்று அரத்தை எடுத்தேன். பாட்டி கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"குழியை எல்லாம் எடுத்துடாதே கண்ணு. அது எங்க மாமியார் கையில இருக்கும்போது விழுந்தது."

அப்படியே கொடுத்தேன். அவர் கேட்டதை மட்டும் செய்தேன் என்பதுதான் அவருக்குப் பிடித்தது. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரியில் வரும். அதற்கு முன்னால் அந்த ஹட்டியிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மருமகள், மருமகளின் அக்கா, அவர் பெண். சுற்றுலா படுத்துக் கிடக்கும் மாதத்தில் என் மேஜை நிறைந்தது. பண்டிகை முடிந்து, அந்தப் பெண்களில் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் புது மோதிரம் செய்யச் சொல்லி வந்தார்கள். வடிவம் முழுக்க என் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நகையை அடுக்கி வைத்துக் காத்திருந்தால் அந்த நம்பிக்கை கிடைத்திருக்காது.

பழுது வேலை இன்னொன்றும் கொடுக்கிறது. பழைய கைகளின் வேலையைப் பிரித்துப் பார்க்கிற வாய்ப்பு. இந்த மலையில் இரும்பு, வெள்ளி, பானை, மரம் எல்லாவற்றையும் செய்து கொடுத்தவர்கள் கோத்தர் பழங்குடியினர். தோடருக்கும் படுகருக்கும் சென்ற நூற்றாண்டின் முற்பாதி வரை அவர்கள் பட்டறையிலிருந்துதான் போனது. அந்தக் காலத்து நகை ஒன்று கையில் வந்தால் எங்கே பற்று வைத்திருக்கிறார்கள், எந்த இடத்தைக் கனமாக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். நான் கோவை ராஜ வீதிப் பக்கம் நகை செய்யும் ஒரு பத்தர் அண்ணனிடம் அடிப்படை கற்றவள். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படி மேஜைக்கு வந்த நகைகள்தான்.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதை ஒரு தோடர் அக்காவிடம் கற்றேன். ஊட்டியில் ஒரு கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்துக் கடை. அவர் கொண்டுவந்தது பூ வேலை செய்த சால்வைகள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு எதுவும் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுகிற வேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சால்வை வாரக்கணக்கில் இழுக்கும். வந்த அம்மா பாதி விலைக்குக் கேட்டார். அக்கா முகம் மாறவில்லை. சால்வையை மெதுவாக மடித்து உள்ளே வைத்தார். அதே வேலை போட்ட ஒரு சின்னக் கைப்பையை எடுத்து முன்னால் வைத்து, "உங்க காசுக்கு இது வரும்" என்றார். வாங்கிக்கொண்டு போனார்கள். அதே பொருளுக்கு விலையைக் குறைக்காதீர்கள். குறைந்த காசுக்குச் சின்னப் பொருள் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 6 கிராம் மோதிரம், வெள்ளி கிராம் 200 ரூபாய் என்றால் 1,200. இரண்டரை மணி நேர வேலை, மணிக்கு 250 என்று வைத்தால் 625. கேஸ், வெங்காரம், பாலிஷ், டப்பா எல்லாம் சேர்த்து 100. ஆக 1,925. இதற்கு மேல் உங்கள் லாபம். கூலியை எழுதாமல் விடாதீர்கள். விட்டால் உங்கள் கழுத்தை நீங்களே நெரிக்கிறீர்கள். வெள்ளி விலையையும் அன்றன்றைக்குப் பாருங்கள். 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது, அந்த வருடம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பழைய விலைச்சீட்டோடு விற்றவர்களுக்கு வெள்ளி வாங்கிய காசுகூடத் திரும்பவில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் பழைய வெள்ளியை உருக்கிச் செய்தால் சோதிக்காமல் அதை 92.5 என்று சொல்லாதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனாலும் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

கடையில் கமிஷனுக்கு வைப்பதைப் பற்றி: ஒரு கடையில் நூற்றுக்கு நாற்பது எடுத்துக்கொண்டு, விற்ற காசை மழைக்காலம் வரை இழுத்தடித்தார்கள். எழுத்தில் தேதி இல்லாமல் சரக்கு கொடுக்காதீர்கள்.

ஒரு முறை பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, தோடர் பூ வேலைக் கோலங்களை அப்படியே வெள்ளி டாலரில் பதித்து மொத்தமாக வேண்டும் என்றார். பெரிய ஆர்டர். மறுத்துவிட்டேன். அந்தக் கோலங்கள் அந்தப் பெண்களுடையவை. அவர்களைக் கேட்டு, அவர்களுக்குப் பங்கு வைத்து, அவர்கள் பேரோடு செய்வதானால் பேசலாம் என்றேன். அவர் திரும்பி வரவில்லை. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. இந்த மலையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் நாம்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. நகையைச் சுடுவதற்குச் சின்ன பியூட்டேன் கேஸ் டப்பா டார்ச் வாங்காதீர்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிப் பக்கம் போனாலே ஆவியாகத் திணறும். உறைபனி விழுகிற ஜனவரிக் காலையில் தீ சோர்ந்துவிடும். சிலிண்டரில் ஓடுகிற டார்ச்தான் இங்கே சரிவரும். காற்றோட்டத்தை மறக்காதீர்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஊதினால் உடம்பு கெடும்.

கூடலூரிலிருந்து ஒரு அண்ணன்:

கோத்தகிரித் தங்கை சொல்வது தனியாளின் வழி. எங்கள் பக்கம் கூட்டாகச் செய்து பார்த்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். காட்டை அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியை (லாண்டானா) வெட்டி, வேகவைத்துத் தோலுரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டி ஆள் உயரத்துக்கும் மேலே யானை செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைகள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றது அந்த யானைக் கூட்டம். 2024-இல் நூறு யானை அமெரிக்கா போனது. நான் அதே செடியில் நாற்காலி, கூடை செய்கிறவன். ஒரு ஆளால் எடுக்க முடியாத ஆர்டரை நாலு வீடு சேர்ந்தால் எடுக்கலாம். இன்னொன்று, அடையாள அட்டை வாங்கி வையுங்கள். ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் பிரிவு கொடுக்கிறது. கண்காட்சிகளில் இடம் கேட்கும்போது கை கொடுக்கும். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் வந்தது. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒரு சகோதரி:

அக்கா, பழுது வேலை பற்றி நீங்கள் எழுதியது என் கதையே. நான் கம்பளியில் செய்கிறவள். மேல்மலையில் மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சின்ன வயதில் பார்த்ததிலிருந்து ஆட்டு ரோமத்தின் மேல் ஒரு ஆசை. சுடுதண்ணீர், சோப்பு போட்டு ரோமத்தைத் தேய்த்துத் தேய்த்து இறுக்கிப் பை, தொப்பி, காலணி செய்கிறேன். இங்கே பனிமூட்டம் இறங்கினால் ஒரு பை காய நாள்கணக்கில் ஆகும், அப்புறம் எப்படி ஆர்டருக்குத் தேதி சொல்வது? அதனால் மழை மாதத்தில் ஊர்க்காரர்களின் ஸ்வெட்டர் முழங்கை, கிழிந்த சால்வை எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். டீக்கடை அண்ணன் தன் ஸ்வெட்டரை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்து, "புதுசு வாங்கிடலாம்மா, ஆனா இது எனக்குப் பழகிருச்சு" என்றார். ஓட்டையை மறைக்காமல் மஞ்சள் நூலில் பூவாகவே போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர் தன் கம்பளங்களுக்கெல்லாம் அதே மாதிரி கேட்டார். இப்போது அதுதான் என் அடையாளம். ஒரு யோசனை: உங்கள் வெள்ளி நகைகளுக்கு என் கம்பளிப் பைகள் பொருத்தமாக இருக்குமே, அனுப்பட்டுமா?

கோத்தகிரி:

டீக்கடை அண்ணன் ஸ்வெட்டர் படம் இருந்தால் அவசியம் போடுங்கள் தங்கம். பை விஷயத்தில் ஒன்று மட்டும் பார்க்க வேண்டும். ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே கந்தகம் இருக்கிறது. வெள்ளி கறுப்பதே கந்தகத்தால்தான். நம் ஊர் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே மங்கிவிடும். ரப்பர் பேண்டும் அப்படித்தான், நகைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. நான் சின்ன ஜிப் கவரில் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டு போட்டுக் கொடுக்கிறேன். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்தக் கவர் உள்ளே போகிற அளவில், உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்துத் தர முடியும் என்றால் உங்கள் பையையே எல்லா நகைக்கும் வைத்துக்கொள்கிறேன். அளவு நாலுக்கு மூன்று அங்குலம். உங்கள் கூலியையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.