தொட்டாற்சிணுங்கி முன்போல் இலைகளை மூடுவதில்லை, காரணம் என்ன?

கேள்வி:
நான்கு மாதங்களுக்கு முன் விதை ஊன்றி வளர்த்த தொட்டாற்சிணுங்கி, எங்கள் வரவேற்பறையில் ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறு தொட்டியில் இருக்கிறது. முன்பெல்லாம் விரல் நுனி பட்டதும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். அடுத்த கணமே காம்பும் தொய்ந்துவிடும். இரண்டு வாரங்களாக இலைகள் பாதி மூடுவதோடு நின்றுவிடுகின்றன, காம்பு அசைவதே இல்லை. தண்டு மெலிந்து நீண்டுகொண்டே போகிறது, அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. குழந்தைகள் நாள் முழுவதும் தொட்டு விளையாடுவதுதான் காரணமா? தொடவே கூடாது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 1:
தண்டு மெலிந்து நீள்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வெளிச்சக் குறைவே முதற்காரணம் என்று கருதுகிறேன். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தொட்டவுடன் அப்புடைப்பின் அடிப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் முதலிய அயனிகள் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுவதால், அந்தப் பக்கம் தளர்ந்து காம்பு தாழ்கிறது. மீண்டும் நிமிர வேண்டுமானால் அயனிகளை உள்ளே இழுக்க வேண்டும்; அதற்குச் செடி ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். நாள்தோறும் சில மணி நேரமாவது நேரடி வெயில் படும் ஜன்னலோரத்திற்குத் தொட்டியை மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் இலைகள் கருகிவிடும் என்பதால், ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். மேல்மண் காயத் தொடங்கியதும் நீர் ஊற்றினால் போதும்.

மறுமொழி 2:
தொடுவதற்கும் இதில் சிறு பங்கு உண்டு. மூடிய இலைக்கு வெளிச்சம் குறைவாகவே கிடைப்பதால், ஏற்கெனவே வாடியிருக்கும் செடிக்கு அது கூடுதல் சுமை. அதோடு இச்செடி பழகிக்கொள்ளவும் கூடியது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தொட்டியோடு 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்தபோது, செடிகள் போகப்போக இலை மூடுவதையே விட்டுவிட்டன. குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்தவை இன்னும் விரைவாகப் பழகின. குழந்தைகளைத் தடுக்காதீர்கள். ஒருவர் ஓர் இலையை மட்டும் தொட்டுவிட்டு, அது மறுபடி விரியும்வரை உடனிருந்து பார்க்கட்டும். மெல்ல விரிவதைப் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

மறுமொழி 3:
இலைகளின் அடிப்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். நுண்ணிய வலை தென்பட்டால் அது செஞ்சிலந்தி என்னும், இலைச்சாறு உறிஞ்சும் சிற்றுயிரியின் வேலை. நீரைப் பீய்ச்சி இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கழுவிவிடுங்கள். இன்று இரவு இலைகள் தாமாக மூடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். முழுமையாக மூடிக் காலையில் விரிந்தால், அந்தப் புடைப்புகள் நன்றாகவே இயங்குகின்றன என்று பொருள், செடி தேறிவிடும். இது வேர் முடிச்சுகளின் உதவியால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெறக்கூடிய அவரைக் குடும்பத்துச் செடியாதலால், தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட வேண்டாம்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வலை எதுவும் இல்லை. நேற்றிரவு எல்லா இலைகளும் மூடி, இன்று காலை விரிந்திருந்தன. தொட்டியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன்.