கோர்ஃப் கோட்டை: ஒரு நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

கேள்வி:
ஆகஸ்டில் பெற்றோருடன் இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள கோர்ஃப் கோட்டை இடிபாடுகளைக் காணச் செல்லவிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கோட்டையோடு அன்றே வேறு எங்கெல்லாம் செல்லலாம்?

மறுமொழி 1:
கோட்டை குன்றின் மேல் இருப்பதால் ஏற்றம் கடினமானது. மழை பெய்தால் புல் வழுக்கும். அம்மா உச்சிவரை ஏற வேண்டியதில்லை. 1646-இல், உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படையினர் கோட்டையைக் கைப்பற்றி வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது, தென்மேற்கு வாயில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மட்டும் இடியாமல் அப்படியே கீழிறங்கி நின்றுவிட்டது. அதை வெளிமுற்றத்திலிருந்தே பார்க்கலாம். என்னைக் கேட்டால், உச்சியிலுள்ள உயர்ந்த சுவர்களைவிட அந்த வாயிலே அதிகம் பேசும்.

மறுமொழி 2:
காரைக் கோட்டைக்கு அருகிலுள்ள நார்டன் ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு நீராவி ரயிலில் வாருங்கள். 1972-இல் மூடப்பட்ட அந்தப் பாதையைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்தார்கள். அதே ரயில் ஸ்வானேஜ் கடற்கரை வரை செல்கிறது. கரி வாடையோடு, சன்னலில் குன்றும் கோட்டையும் மெல்லத் திரும்புவதைப் பார்த்த என் அப்பா, கையிலிருந்த தேநீரையே மறந்துவிட்டார். ஊருக்குள்ளும் சற்று நடந்து பாருங்கள்: இடிந்த கோட்டையின் கற்களை எடுத்துக் கட்டிய வீடுகள் பல உண்டு.

மறுமொழி 3:
டர்டில் டோர் பாறை வளைவை அன்றே சேர்க்காதீர்கள். அங்கும் செங்குத்தான இறக்கமும் படிகளும் உள்ளன. அதற்குப் பதிலாக ஸ்டட்லண்ட் மணற்கரை அம்மாவுக்கு ஏற்றது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கோட்டை, ரயில், ஸ்வானேஜ் என்று முடிவு செய்துவிட்டோம்.