வேல்ஸில் "எங்கள் அக்காவுக்குத் தெரிந்தவர்" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால்: புதிதாக வந்தவர்களுக்கு

வேல்ஸுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்திருக்கும் நம்மவர்களுக்கு வாடகை வீடு, வங்கிக் கணக்கு, குளிர்கால உடுப்பு பற்றியெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. இன்னும் சில வாரங்களில் பஸ் நிறுத்தத்திலோ வார்டிலோ பள்ளி வாசலிலோ யாராவது ஒருவர் உங்களிடம், "பாடகர் டாம் ஜோன்ஸ் வளர்ந்த தெருவில்தான் எங்கள் அக்காவின் தோழி இருந்தாள்" என்பார். வெட்டிப் பெருமை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்களோடு பழக விரும்புகிறார். நின்று கேளுங்கள்.

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையே சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். வேல்ஸின் மக்கள்தொகை 31 லட்சம்தான். சென்னை நகரத்தைவிடக் குறைவு. அதிலும் தெற்கே நிலக்கரியை நம்பி எழுந்த ஊர்கள் குறுகிய பள்ளத்தாக்குகளில் வரிசை வீடுகளாக நெருக்கியடித்து நிற்பவை. அங்கே ஒருவரை ஒருவர் தெரியாமல் வாழ்ந்திருக்க முடியாது.

நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் பொன்ட்ரிடவென் என்ற சிற்றூரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 13 பிள்ளைகளில் 12-ஆவதாகப் பிறந்தவர். இயற்பெயர் ரிச்சர்ட் ஜென்கின்ஸ். பர்ட்டன் என்பது அவரை ஆளாக்கிய ஆசிரியரின் பெயர். இரண்டு வயதில் தாயை இழந்து, போர்ட் டால்பட்டில் அக்கா வீட்டில் வளர்ந்தார். அவ்வளவு பிள்ளைகள் இருந்த குடும்பத்துக்கு எத்தனை பேரன் பேத்திகள், எத்தனை சம்பந்திகள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் "ஒருவகையில் எங்களுக்குச் சொந்தம்" என்றால் நம்பலாம். அதே போர்ட் டால்பட்டில் நடிகர் ஆண்டனி ஹாப்கின்ஸின் அப்பா ரொட்டி சுடும் தொழில் செய்தவர். அவர் சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தோம் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு.

சரி, என்ன பதில் சொல்வது? "அப்படியா, பெரிய ஆள்!" என்று முடித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எந்தத் தெரு?" என்று கேளுங்கள். டாம் ஜோன்ஸ் பற்றி அப்படிப் பேச்செடுத்த பொன்டிப்ரித் பக்கத்துத் தாத்தா ஒருவரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். ட்ரெஃபாரஸ்டில் லாரா தெரு, மேட்டில் ஏறும் வழி, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று மேசைமேல் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். டாம் ஜோன்ஸுக்குப் பன்னிரண்டு வயதில் காசநோய் வந்து, இரண்டு ஆண்டுகள் வெளியே போகாமல் படுக்கையில் கிடந்திருக்கிறார். அந்த வீட்டு ஜன்னலைத் தாத்தாவுடைய அக்காவின் தோழி பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பாளாம். அவ்வளவுதான் தொடர்பு. ஆனால் அதைச் சொல்லி முடித்ததும், "உன் ஊர் எது, உன் தெருவில் யார் இருந்தார்கள்?" என்று என்னைக் கேட்டார். அதுவரை என் ஊரைப் பற்றி இங்கே யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

செய்யக்கூடாதவை சில. கைபேசியை எடுத்து ஆண்டு சரியா என்று பார்க்காதீர்கள். "நீங்கள் நேரில் பேசியிருக்கிறீர்களா?" என்று குறுக்கு விசாரணை வேண்டாம். வேல்ஸ்காரரை இங்கிலாந்துக்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனம் நிச்சயம் புண்படும்.

கார்டிஃபின் வடக்கே குடியேறியவர்கள் ஒரு பள்ளியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்: விட்சர்ச் உயர்நிலைப் பள்ளி. கால்பந்து வீரர் கேரத் பேல், ரக்பி அணித் தலைவராக இருந்த சாம் வார்பர்ட்டன், 2018-இல் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கெரைன்ட் தாமஸ் மூவரும் அங்கே படித்தவர்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில். உங்கள் அலுவலகத்தில் நாற்பதை நெருங்கும் உள்ளூர்க்காரர் யாராவது இருந்தால், அவரிடம் கட்டாயம் ஒரு கதை இருக்கும்.

நியூபோர்ட் பக்கம் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு: நோயாளிகளிடம் பேச எதுவுமே தெரியவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். உங்கள் பணி அட்டையைப் பாருங்கள். அனைரின் பெவன் என்ற பெயர் அதில் இருக்கும்; உங்கள் பகுதி மருத்துவ வாரியத்துக்கு அவர் பெயர்தான். ட்ரெடீகரில் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய மனிதர். அமைச்சராகி 1948 ஜூலை 5 அன்று இந்த நாட்டின் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்தவர். அதற்கு வெகுகாலம் முன்பே ட்ரெடீகர் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகை செலுத்தி, குடும்பத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் சங்கம் நடத்தினார்கள். அந்த ஊர்ப் பாட்டி யாராவது படுக்கையில் இருந்தால், "உங்கள் வீட்டில் அந்தச் சங்கத்துக்குப் பணம் கட்டினார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெவனோடு அவர்களுக்கு இருக்கும் உறவு தூரத்து உறவுதான். அதே அளவு உறவு இப்போது உங்களுக்கும் உண்டு. எனக்கு இதில் உண்மையாகவே பெருமை.

ரெக்ஸமில் படிக்கும் தம்பிக்கு: அங்கே "எலிஹூ யேல் எங்கள் ஊர்த் தேவாலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்" என்று உங்களிடம் சொன்னார்கள் அல்லவா? உண்மைதான், செயின்ட் ஜைல்ஸ் தேவாலய வளாகத்தில். அந்த மனிதர் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சிறுவயதில் இறந்த அவருடைய மகனைச் சென்னையில்தான் புதைத்தார்கள். இதைச் சொன்னால் அவர்கள் வியந்துபோவார்கள், சொல்லுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். அவர் ஆட்சியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும், ஊழல் புகாரில் பதவி இழந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவர் சங்கடப்பட்டால் படட்டும். நம் பக்கத்துக் கதை அது.

ஸ்வான்சீயில் இருக்கும் அன்பருக்கு, மாமனார் சென்னையிலிருந்து வருகிறார், ஆங்கிலம் தெரிந்தும் யாரோடும் பேசமாட்டார், கிரிக்கெட் மட்டும்தான் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அவரைக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். 1968 ஆகஸ்ட் 31 அன்று அங்கேதான் வேல்ஸின் கிளமார்கன் அணியைச் சேர்ந்த மால்கம் நாஷ் வீசிய ஓவரில் மேற்கிந்தியத் தீவுகள் வீரர் கேரி சோபர்ஸ் ஆறு பந்துகளையும் சிக்ஸராக அடித்தார். அன்று பார்த்தேன் என்று சொல்லும் முதியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அன்றைய கிளமார்கன் தலைவர் டோனி லூயிஸ், நீத் ஊரில் வளர்ந்தவர். அவர்தான் 1973 ஜனவரியில் இங்கிலாந்து அணித் தலைவராகச் சேப்பாக்கத்தில் இறங்கினார். இந்தியா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆட்டத்தை உங்கள் மாமனார் நேரில் பார்த்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பார்த்திருந்தால், எந்தப் பக்கத்து கேலரியில் உட்கார்ந்தார், டிக்கெட் எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் அவர் வாயாலேயே அந்தப் பெரியவர்களிடம் சொல்லட்டும்.